பவளக்கொடிக்கு இந்த வண்டி போதும்

பயம் என்று சொல்லிவிட்டானே, அதுதான் பவளக்கொடிக்கு ஆறவே இல்லை. கஞ்சத்தனம் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். பிடிவாதம் என்றால் ஒப்புக்கொண்டிருப்பாள், அது பிறந்த வீட்டுச் சீதனம். வயசாகிவிட்டது என்றால்கூடப் பரவாயில்லை, நாற்பத்தொன்பது என்பது ஊரறிந்த விஷயம். தண்டபாணி அப்படி எதுவும் சொல்லவில்லை. காலையில் பொள்ளாச்சி பேக்கரி வாசலில் பைக் கிளப் ஆட்கள் எல்லாம் கூடி நின்றபோது, பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே, சிரித்த முகமாக, "பயந்தா புதுசு பழகாதுங்க்கா" என்றான். பன்னிரண்டு பேர் கேட்டார்கள். அவனோடு சேர்த்துப் பதின்மூன்று பேரும் இப்போது முன்னால் போய்விட்டார்கள், ஆழியாறு சோதனைச் சாவடியில் அவள்தான் கடைசி. வனத்துறைக்காரர் பையைத் துழாவி பிளாஸ்டிக் பாட்டில் இல்லை என்று பார்த்துவிட்டு, தனியாகவா போகிறீர்கள் என்று கேட்டார். முன்னால் ஒரு படையே போயிருக்கிறதே என்றாள். அதெல்லாம் புது வண்டிங்க மேடம் என்றார் அவர், ஏதோ ஆறுதல் சொல்வது போல. இவருக்கு யார் கேட்டது? மேலே வால்பாறைச் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாற்பதும் தாண்டி, தேயிலை தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே அவள் பதில் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் கிளப் மொத்தமும் இமாசலத்து ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகிறது, பதினான்கு பேரும் ஒரே மாடல் அட்வென்ச்சர் பைக்கில். அப்போதுதான் ஒரு பெட்டி ஸ்பேர் போதும், யாருக்கு எது போனாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்பது தண்டபாணியின் திட்டம். மில் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கிறவன், அவனுக்கு உலகமே உதிரிபாகமாகத்தான் தெரியும். ஆனால் யோசனையில் குற்றம் சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். நாளைக்குப் பட்டியல் ஷோரூமுக்குப் போகிறது, அவள் பெயருக்கு நேரே மட்டும் கேள்விக்குறி. அவளுடைய பழைய வண்டிக்கு அந்தப் பெட்டியில் எதுவும் பொருந்தாது, அதனால் மாட்டேன் என்றால் சாமான் வேனில் வரலாமாம். உங்களை விட்டுட்டுப் போயிருவோமாங்க்கா என்று அதையும் பாசமாகத்தான் சொன்னான். வேனில். ஸ்பிட்டிக்கு. ஸ்பேர் பெட்டிக்குப் பக்கத்தில் முட்டியை மடக்கிக்கொண்டு. நினைக்கிறபோதே முட்டி வலித்தது. அவள் சாவியைத் திருப்பி, சோக்கை அரை இழுப்பு இழுத்து, வண்டியை எடுத்தாள்.

முதல் வளைவு. இரண்டாவது கியர், கிளட்சில் இரண்டு விரல், பார்வை வளைவு முடிகிற இடத்தில். இதெல்லாம் நினைத்துச் செய்கிற காரியமா, கை செய்கிறது. ஊசி போடும்போது மாதிரிதான். இருபத்துமூன்று வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கையைக் கட்டி, நரம்பைத் தடவி, ஊசி ஏற்றுகிறாள். குண்டான கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத் தெரியும். போன வருஷம் விளக்கு அடித்து நரம்பைக் காட்டுகிற இயந்திரம் ஒன்று வந்தது. வேண்டாம் என்றாளா? குழந்தைகளுக்கெல்லாம் அதை வைத்துத்தான் எடுக்கிறாள், ஒரே குத்தில் முடிந்துவிடுகிறது, நல்ல இயந்திரம். மிக்சியை மாற்றினாள். போனை மாற்றினாள். மூக்குக் கண்ணாடியை வருஷா வருஷம் மாற்றுகிறாள். அப்புறம் எங்கிருந்து வந்தது புதுசு என்றால் பயம்? இரண்டாவது வளைவு, மூன்றாவது. எஞ்சின் சூடேறி, பாதங்களுக்கு அடியில் அந்தக் கொரகொரப்பு வந்தது, நாலாயிரம் சுற்றுக்கு மேல் போனால் வலது பாதத்தில் மட்டும் தினவு எடுக்கும், அதுதான் கியர் மாற்றச் சொல்கிற நேரம், மீட்டரைப் பார்க்கவே வேண்டாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதை வாங்கப் போனபோது விற்பனைப் பையன் அவள் வீட்டுக்காரர் மயில்சாமியைப் பார்த்தே எல்லாம் விளக்கினான். சார் இது இருநூறு கிலோவுக்குப் பக்கம் சார், சார் முன் சக்கரம் இருபத்தொரு இஞ்ச் சார். சாருக்கு மொபெட்டே தடுமாறும். சார் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஓட்டறது இவங்க என்று கையைக் காட்டினார். பையன் அவள் காலைத்தான் முதலில் பார்த்தான். ஐந்தடி ஒரு அங்குலம். எட்டாது மேடம். எட்டாவிட்டால் எட்ட வைப்பது என்று வாங்கிக்கொண்டு வந்தாள். மார்க்கெட் ரோட்டு சீட் கடையில் நுரையை வெட்டச் சொல்லி, உட்கார்ந்து பார்த்து, எழுந்து, இன்னும் ஒரு விரற்கடை வெட்டுங்க என்று சொல்லி, மறுபடி உட்கார்ந்து, கடைக்காரருக்கு அன்று வேறு வியாபாரமே நடக்கவில்லை. கடைசியில் இரண்டு பாதத்தின் முன்பாதியும் தரையில் பதிந்தது. மாமியாரின் தங்கை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, பொம்பளைக்கு எதுக்குக் குதிரை என்றாள். குதிரை இல்லை சின்னத்தை, கழுதை, சொன்ன பேச்சுக் கேட்காது என்று பதில் சொல்லிக் காபி கொடுத்தாள். ஆறாவது வளைவில் ஒரு குரங்குக் குடும்பம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடந்ததுதானே. அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? ஏழாவது வளைவு வந்ததும் அது வந்துவிட்டது, வராமல் இருக்காது, ஒரு வாரமாக ஊசி ஏற்றுகிறபோதுகூட வருகிறது. அணைக்கட்டுச் சாலையில் தண்டபாணி தன் புது வண்டியைக் கொடுத்து, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க்கா என்றான். போனாள். அப்படி ஒரு வண்டி அது, பொய் சொல்லக்கூடாது. முறுக்கினால் சத்தமே இல்லாமல் பறக்கிறது, பள்ளம் இருந்ததே தெரியவில்லை, திரையில் வழி தெரிகிறது, பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்குவதே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஸ்பிட்டியில் இதன்மேல் உட்கார்ந்திருப்பது போல நினைத்துப் பார்த்தாள். திரும்பி வரும்போது, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தில், வண்டியை வட்டம் அடித்து நிறுத்தப் போய், காலை ஊன்றினால் பெருவிரல் நுனிதான் எட்டியது, அந்த நுனியும் தார் முடிந்து மண் இறங்குகிற இடத்தில். அவ்வளவுதான். நின்ற வண்டி அப்படியே சரிந்தது. வேகமாகப் போய் விழுந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். கிளட்ச் லீவர் பட்டென்று ஒடிந்தது. எட்டுப் பேர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓரமாக நின்றுகொண்டு சாரி தண்டபாணி, சாரி, ஐயோ சாரிப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுத் தடவை சொல்லியிருக்கிறாள். லீவர் வாங்கிக் கொடுத்துவிட்டாள், விஷயம் முடிந்தது. அவனும் விடுங்க்கா, எல்லாரும் போடறதுதான் என்றான். விஷயம் முடியவில்லை என்று இன்று காலையில்தான் தெரிந்தது. பயந்தா புதுசு பழகாதுங்க்கா. எட்டாவது வளைவு. ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ? இந்த வண்டி போதும் போதும் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிவது எட்டாத திராட்சைக் கதையோ? பழசின் மேல் பிரியம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் கால் எட்டாத பயமோ? மூட்டு போய்க்கொண்டிருக்கிறது, ராத்திரியில் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறாள். இதெல்லாம் இருக்கிறவள் எதற்குத்தான் பயப்பட மாட்டாள்? ஒன்பதாவது வளைவில் ஜனங்கள் காரை நிறுத்தி, கீழே ஆழியாறு அணையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிற்கவில்லை.

ஸ்பிட்டி. அந்தப் பெயரை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மதியச் சாப்பாட்டு வேளையில், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பார்த்தது, மரமே இல்லாத மலை, அதன் இடுப்பில் கீறினது போல ஒரு சாலை, அந்தச் சாலையில் ஊர்ந்து போகிற ஒரே ஒரு வண்டி. ரசம் ஆறிப்போனது. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. தண்டபாணியின் மண்டையில் அதை ஏற்றிவிட்டதே அவள்தான், யோசித்துப் பார்த்தால். இப்போது அவள் மூட்டிய அடுப்பில் எல்லாரும் குளிர்காயப் போகிறார்கள், அவள் மட்டும் என் வண்டி என் வண்டி என்று பொள்ளாச்சியில் உட்கார்ந்திருக்கப் போகிறாளா? இது என்ன வைராக்கியம்? பணம் இருக்கிறது, மயில்சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை, லேபில் விடுப்பு தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சீட்டை அதிலும் வெட்டலாம். பழகிக்கொள்ளலாம். பயத்தை விட்டால் பழகும் என்கிறான், விட்டுப் பார்த்தால்தான் என்ன? பத்து. பதினொன்று. சரி தண்டபாணி, என் பேரையும் எழுதிக்கோ என்று சொல்லிப் பார்த்தாள், ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே. நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் கை தட்டுவார்கள். தண்டபாணி இன்னொரு டீ சொல்லுவான். குரூப்பில் படம் போடுவார்கள், அக்காவும் மாறியாச்சு என்று. மனசு லேசாகிப்போனது, இவ்வளவுதானா, இதற்கா ஒரு வாரம் தூக்கம் கெட்டது என்று இருந்தது. பன்னிரண்டாவது வளைவை அந்த லேசில் எப்படித் திரும்பினாள் என்பதே நினைவில்லை. இந்த வண்டியை யார் வாங்குவார்கள்? மாடு வளர்க்கிறவர்கள் யாராவது தீவனப்புல் கட்டிக்கொண்டு வர வாங்கலாம். சீட்டைப் பார்த்துவிட்டு, எந்தக் குள்ளன் ஓட்டினது என்று கேட்பார்களோ? சரி, கேட்கட்டும். பேரை எழுதிக்கோ தண்டபாணி. பதின்மூன்றாவது வளைவு, இடது வளைவு, சரியாக நட்டநடுவில் ஒரு வரையாடு நின்றது.

கிடா. முதுகில் சேணம் போட்டது போல வெளிறின மயிர். யாரையோ எதிர்பார்த்து நிற்பது போல நின்றது, நகரவில்லை. பவளக்கொடி பிரேக்கைப் பிடித்தாள். பிடித்தவள், வலது காலைப் பின் பிரேக்கில் வைத்துக்கொண்டு, இடது காலை ஊன்றினாள். மலையில் வண்டி ஓட்டுகிற குட்டைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது, அவள் பதினோரு வருஷமாகச் செய்யாத தப்பு. இடது வளைவில் சாலை இடது பக்கம் சாய்ந்திருக்கும், அங்கே தரை ஒரு சாண் கீழே இருக்கும். முன் பிரேக்கைக் கையால் இறுக்கிப் பிடித்து, மேடாக இருக்கிற வலது பக்கம் ஊன்ற வேண்டும். இது கிளப்பில் சேர்கிற ஒவ்வொரு குட்டைப் பெண்ணுக்கும் அவளே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். கால் போனது, போனது, தரை வரவே இல்லை. ஐயோ, பதின்மூன்றிலேயா, என்று நினைத்ததும், வண்டி தன் பாட்டுக்கு எஞ்சினைச் சுற்றியிருக்கிற கம்பிக் காப்பின்மேல் சாய்ந்து படுத்ததும் ஒன்றாக நடந்தது. எஞ்சின் ஒரு முக்கு முக்கி நின்றுவிட்டது. அவள் நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை எரிந்தது, முழங்காலில் ஏதோ சூடாக இருந்தது. வரையாடு பார்த்தது. வேறு யாரும் இல்லை, மேலே சத்தம் இல்லை, கீழே சத்தம் இல்லை. சாரி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. யாரிடம் சொல்வது? ஆட்டிடமா? "போடி சனியனே" என்றாள் வண்டியைப் பார்த்து. சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுரோட்டில் உட்கார்ந்து, ஒரு கிடா பார்க்க, வயிறு குலுங்கச் சிரித்தாள்.

பிறகு எழுந்து சாவியைத் திருப்பி அணைத்தாள். முழங்காலை மடக்கிப் பார்த்தாள், மடங்கியது. வண்டி கியரிலேயே இருந்தது, உருளாது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்கம்பியில், குதிகாலை மாற்றி மாற்றிப் பின்னால் நடந்தாள். சரிவு எதிராக இருந்தது, முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது பாதி வந்து, அங்கே ஒரு கணம் நின்று, அப்புறம் முழுசாக நிமிர்ந்துவிட்டது. கிளட்ச் லீவர் ஒடியவில்லை, மேல்நோக்கித் திரும்பியிருந்தது. அவள் எப்போதும் லீவர் கவ்விகளை இறுக்கி முறுக்குவதில்லை, விழுந்தால் சுழன்று கொடுக்கட்டும் என்று விட்டுவைப்பாள். கையால் தட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். கம்பிக் காப்பில் புதிதாக ஒரு சிராய்ப்பு, முந்தினவற்றோடு சேர்ந்து. அதைத் தடவிக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது, தண்டபாணி பாதிதான் சரியாகச் சொன்னான் என்று. பயம் இருக்கிறது. எதில் ஏறினாலும் இருக்கிறது, இதிலும் விழுந்தாயிற்று, பழசு காப்பாற்றவில்லை. பயத்துக்காக இதைப் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த நிமிஷம் விட்டிருக்க வேண்டுமே? விடத் தோன்றவில்லையே. அங்கே விழுந்தபோது ஓரமாக நின்று ஏழெட்டு சாரி சொன்னாள். இங்கே விழுந்து, திட்டி, சிரித்து, தானே தூக்கி நிறுத்தினாள். புது வண்டி வாங்கினால் சாவியை அவள் கையில் கொடுப்பார்கள், ஆனால் ஒவ்வொரு சிராய்ப்புக்கும் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பாள், அவளைப் பற்றி அவளுக்குத் தெரியும். இன்னும் ஒன்று, இதைச் சொன்னால் கிளப்பில் சிரிப்பார்கள், அவள் சந்தோஷமாக இருக்கிறாள். இந்தக் கழுதையோடு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், எரிகிற உள்ளங்கையோடு இந்த நிமிஷம்கூட. இருக்கிற சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டு வேறு சந்தோஷம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். எதற்கு? வரையாடு எப்போது போனது என்று அவள் கவனிக்கவில்லை. மிச்சம் இருபத்தேழு வளைவிலும் அவள் ஸ்பிட்டியைப் பற்றி மட்டும்தான் நினைத்தாள், நன்றாக, ஒவ்வொரு திருப்பமாக, இனி பார்க்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு.

டீக்கடையில் எல்லாரும் இரண்டாவது டீயில் இருந்தார்கள். பதின்மூன்று வண்டிகள் வரிசையாக நின்றன. தண்டபாணிதான் முதலில் முழங்கால் மண்ணைப் பார்த்தான், டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தான், நிஜமாகவே பதறிப்போயிருந்தான். விழுந்துட்டீங்களாக்கா என்றான். இல்லை, ஓரமாக நிறுத்தி உட்கார்ந்தேன் என்று ஒரு பொய் தயாராக இருந்தது, அவள் அதை எடுக்கவில்லை. "விழுந்தேன். பதின்மூணாவது வளைவுல, சும்மா நின்னுட்டே" என்றாள். அவன் யோசித்தான், முகம் மலர்ந்தது, இதுலயே விழுவீங்கன்னு ஆகிப்போச்சு, அப்ப புதுசுக்கு என்னங்க்கா தயக்கம், எழுதிரட்டுமா என்று போனை எடுத்தான். கணக்கு அவனுக்குச் சரியாக வந்துவிட்டது. மற்றவர்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"பயமெல்லாம் இருக்குது தண்டபாணி. நீ சொன்னது நெசம்தான்" என்றாள் பவளக்கொடி. "ஆனா நான் வேண்டாங்கறது அதுக்காக இல்ல. எனக்கு இந்த வண்டி போதும். என் பேரை எடுத்துரு."

"சரிங்க்கா, அப்ப வேன்ல..."

"நான் சாமான் இல்ல சாமி."

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், அவன் வருத்தப்பட்டான். போனில் விரலை வைத்துப் பெயரை அழித்தான், அழிப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கீழே இருந்த பெயர்கள் மேலே நகர்ந்து இடைவெளியை மூடிக்கொண்டன. கடைக்காரர் கொடுத்த தண்ணீரில் உள்ளங்கையைக் கழுவிக்கொண்டு, டீயை வாங்கிக்கொண்டு, தேயிலைச் சரிவு தொடங்குகிற இடத்துக்குப் போய், வீட்டுக்குப் போன் போட்டாள். மயில்சாமி எடுத்ததும் அழுகைதான் வந்தது, அடக்கப் பார்த்தால் மூக்குச் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. எங்கேயாவது அடிபட்டுவிட்டதா என்று அவர் கேட்டார். பெரிதாக இல்லை என்றாள். புது வண்டிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டார்.

"இல்லீங்க. வேண்டாம்னுட்டேன்."

"பின்ன என்னத்துக்குப் புள்ள அழுவறே?"

"ஸ்பிட்டி போச்சுங்களே."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. அவ்வளவு ஆசையை மனசில் வைத்துக்கொண்டு எதற்கு இந்தப் பாடு, இப்போதே திரும்பிப் போய் வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வா, நானா குறுக்கே நிற்கிறேன் என்றார் மயில்சாமி. அவள் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அழுதா வாங்கியே ஆகோணும்னு ஏதாச்சும் சட்டம் இருக்குதுங்களா?"